மூணு பின்னல்

வாங்க, வாங்க, உள்ள வாங்க. செருப்பை வாசல்ல விடாதீங்க தங்கச்சி, பக்கத்து வீட்டு ஆடு தோல் செருப்பைக் கண்டா விடாது. போன வாரம் ஒரு ஹாஜியாரம்மா ஒத்தைச் செருப்போட ஆட்டோ ஏறிப் போனாக. இப்படிக் கட்டில்ல உக்காருங்க. அந்தத் திரைக்கு அங்கிட்டுதான் ஆம்பளைக நடமாட்டம், இங்கிட்டு யாரும் தலையைக் காட்ட மாட்டாக. முக்காட்டைத் தளர்த்திக்குங்க, வேர்த்துக் கொட்டுது.

ஏ புள்ள ஷம்சாத்து! நன்னாரி சர்பத்து கலக்கு, விருந்தாளி வந்திருக்காக!

மவ. ஒரே மவ. ஏழு மாசம். அடுப்படியிலேருந்து இங்க வர முத்தத்தைத் தாண்டணும், அவளைத் தட்டு தூக்க விட மாட்டாக எங்க மருமவன். அவுகளே கொண்டாந்து திரைக்குள்ள நீட்டிருவாக. ஒரு அன்னியப் பொம்பளையை இதுவரைக்கும் ஏறிட்டுப் பாத்தது கிடையாது, கை மட்டும்தான் உள்ள வரும். அப்படி ஒரு பேணுதல்.

யாரு உங்களை அனுப்புனாகன்னு சொல்ல வேணாம். மேலத்தெருவுல நாலு வீட்ல விசாரிச்சிருப்பீங்க. நாலு வீட்லயும் ஒரே பேச்சுத்தான் பேசிருப்பாக. “அந்தப் பொண்ணைக் குளிப்பாட்டுனது பல்கீஸு, அவகிட்டயே கேட்டுக்குங்க.” ஆமா, நான்தான் பல்கீஸு. இந்த ஊர்ல பொம்பளை மையத்துன்னா, செத்த உடம்பைக் குளிப்பாட்ட இருபத்தாறு வருசம் என் கைதான்.

ஹுமாயூன் தம்பிக்கு உங்க மவளைக் கேட்டிருக்காக. அவருக்கு மொதத்தாரம் மஹ்மூதா, நாலு வருசத்துக்கு முன்னால மௌத்தாயிருச்சு. பொண்டாட்டியை அவரே கொன்னுட்டாருன்னு ஊர்ல பாதிப் பேரு சொல்றாக. உங்க மவளும் ஏற்கெனவே ஒருத்தன்கிட்ட அடியும் உதையும் பட்டுத் தலாக்கு வாங்கிட்டு வந்தவ. இன்னொரு தடவை ஏமாறக்கூடாது. இதுதானே? நேராக் கேட்டீங்க பாருங்க, அது எனக்குப் பிடிச்சிருக்கு. இதுக்கு முன்னால வந்த ரெண்டு சம்மந்தக்காரிகளும் அரை மணி நேரம் மீன் விலை பேசிட்டுல்ல விசயத்துக்கு வந்தாளுக. ரெண்டும் முறிஞ்சு போச்சு. ஏன் முறிஞ்சதுன்னு கேக்குறீங்களா? நான் பதில் சொல்லல, அதனாலதான்.

மொதல்லயே சொல்லிர்றேன். குளிப்பாட்டுறவளுக்கு ஒரு சட்டம் இருக்கு. மையத்துல நல்லது கண்டா வெளிய சொல்லலாம். முகம் பளிச்சுன்னு இருந்துச்சு, சிரிச்ச மாதிரி இருந்துச்சு, தாராளமாச் சொல்லலாம். கெட்டது கண்டா வாயைத் திறக்கக்கூடாது. என்னென்ன கண்டிருக்கேன் தெரியுமா? ஊரே எந்திரிச்சு நிக்கிற ஒரு பெரிய வீட்டம்மா, தொடையில ஒரு ஆம்பளை பேரைப் பச்சை குத்தி வச்சிருந்தாக. புருசன் பேரு இல்ல. யாருன்னு சொல்லட்டுமா? மாட்டேன். அதான் பல்கீஸு. அந்த நம்பிக்கையிலதான் எங்க தெருப் பொம்பளைக, “நான் மௌத்தானா என்னைய நீதான் குளிப்பாட்டணும்”னு கையைப் பிடிச்சுச் சொல்லி வச்சிருக்காளுக.

அதனால நான் பேசாம இருந்ததுக்குக் காரணம் மார்க்கம்தான். வேற ஒண்ணும் இல்ல. அதை மனசுல வச்சுக்கிட்டுக் கேளுங்க.

அன்னிக்கு வியாழக்கெழமை. விடிகாலை சுபுஹு தொழுது முடிச்சு தஸ்பீஹ் மணி உருட்டிக்கிட்டு இருக்கேன், ஹுமாயூன் தம்பியோட உம்மா சுல்தானம்மா ஆள் விட்டாக. மருமவ கொல்லையில, தண்ணித் தொட்டிகிட்ட பாசி வழுக்கி விழுந்து மௌத்தாயிருச்சாம். இருபத்தி மூணு வயசுப் பொண்ணு. இன்னாலில்லாஹின்னு சொல்லிட்டு ஓடுனேன். சுல்தானம்மா வாசல்லயே என் கையைப் பிடிச்சுக்கிட்டாக. “பல்கீஸு, ஆஸ்பத்திரி, போலீஸுன்னு போனா புள்ளையை அறுத்துப் போட்ருவாங்க. உச்சி நேரத்து லுஹருக்கு முன்னால அடக்கிரணும்.” எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவாக. மையத்தை அறுக்கிறதுன்னா எங்களுக்கு உசிரோட அறுக்கிற மாதிரி. யாரும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசல.

தண்ணி ஊத்த ஐனம்மா வந்தா. அவளுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை, செம்பு எது வாளி எதுன்னு தடவித்தான் பாப்பா. திரையைக் கட்டிட்டு, துணிக்குள்ள கையை விட்டு, இலந்தை இலை போட்ட தண்ணியால கழுவ ஆரம்பிச்சேன். தலையைத் தடவிப் பாத்தேன். விழுந்தவளுக்கு மண்டையில காயம் இருக்கணுமில்ல? ஒண்ணும் இல்ல. ஒரு வீக்கம் கூட இல்ல. அப்புறம் தலையை நிமித்துனேன். கழுத்துல இருந்துச்சு.

கை. ஒரு கை பிடிச்ச அடையாளம். கறுத்துப் போய் இருந்துச்சு.

கழுவுறதை நிறுத்திட்டேன் தங்கச்சி. ஐனம்மா கேக்குறா, “ஏன் நிறுத்திட்ட?” “முடி சிக்காயிருக்கு”ன்னேன். அதுதான் அன்னிக்கு நான் சொன்ன மொதப் பொய்.

பொம்பளை மையத்துக்கு முடியை மூணு பின்னலாப் பின்னி முதுகுப் பக்கம் போடணும். உங்களுக்கும் தெரிஞ்சதுதானே? இருபத்தாறு வருசம் அப்படித்தான் போட்டேன். அன்னிக்கு முன்னால போட்டேன். மூணையும் கழுத்து மேல குறுக்க போட்டு, அதுக்கு மேல துணியைச் சுத்திட்டேன். நல்ல நீளமான முடி, மஹ்மூதாவுக்கு. மறைக்கத் தாராளமாப் போதும்.

வெளிய வந்தேன். பொம்பளைக எல்லாம் என் மூஞ்சியையே பாக்குறாளுக. குளிப்பாட்டிட்டு வர்றவ ஏதாச்சும் நல்லது சொல்லணும்னு எதிர்பாப்பாங்க. “முகம் ஒளியா இருக்கு, நிம்மதியாப் போயிருக்கு புள்ள”ன்னேன். அது ரெண்டாவது பொய். எல்லாரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னாளுக.

பொண்ணோட உம்மா அப்பத்தான் வெளியூர்லேருந்து வந்து இறங்குனாக. முகம் பாக்கக் குனிஞ்சவுக கன்னத்தைத் தடவுனாக. கை துணிக்குள்ள போயிருச்சு. பின்னல் தட்டுப்பட்டுச்சு. நிமிந்து என்னையப் பாத்து, “ராத்தா, முடியை ஏன் முன்னால போட்டீங்க?”ன்னாக. அந்தக் கேள்வி இன்னிக்கு வரைக்கும் என் காதுல கேக்குது. “நீளம் ஜாஸ்தி, அதான்”னு சொன்னேன். பள்ளிவாசல்லேருந்து மையத்தைத் தூக்குற சந்தூக்கு வந்திருச்சு, தூக்கிட்டுப் போயிட்டாக.

அடக்கி ஒரு வாரம் அந்தம்மா யோசிச்சிருக்காக. எட்டாம் நாள் ஜமாஅத்துல வந்து நின்னாக. “என் புள்ளை கழுத்துல என்னமோ இருந்திருக்கு, அதை மறைச்சிருக்காக, அவ புருசன்தான் என்னமோ செஞ்சிருக்காரு.” ஹுமாயூன் தம்பியைக் கேட்டாங்க, அன்னிக்கு சுபுஹுக்கு ஏன் பள்ளிக்கு வரலைன்னு. காய்ச்சல், வீட்ல தொழுதேங்குறாரு. வீட்ல தொழுததுக்குச் சாட்சி யாரு? பொண்டாட்டி. அவதான் மண்ணுக்குள்ள கெடக்காளே.

என்னையக் கூப்பிட்டு விட்டாக. திரைக்கு அங்கிட்டு ஜமாஅத்து, இங்கிட்டு நான். தலைவர் கேக்குறாரு, “பல்கீஸம்மா, கழுத்துல ஏதாச்சும் கண்டீங்களா?” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “மையத்துல கண்டதை வெளிய சொல்ல மாட்டேன்.” பள்ளிவாசல் ஹஜரத்து எடுத்துச் சொன்னாக. “அநியாயம் நடந்திருந்தா அது வேற விசயம்மா. அப்ப மறைக்கிறதுதான் பாவம். ஒண்ணுமே இல்லைன்னா, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க.” நான் மறுபடியும் அதையே சொன்னேன். மூணு தடவை கேட்டாக, மூணு தடவையும் அதையே சொன்னேன்.

அதோட முடிஞ்சுது. இல்லைன்னா இல்லைன்னு சொல்லிருப்பாளே, அப்ப இருந்திருக்கு. இருந்திருந்தா புருசனைத் தவிர வேற யாரு? நான் யாரு மேலயும் பழி போடல தங்கச்சி. சும்மாதான் இருந்தேன். ஊர்தான் போட்டுச்சு.

தோண்டி எடுத்துப் பாக்கணும்னா போலீஸுக்குப் போங்கன்னு சொன்னதும் அந்தம்மாவே பின்வாங்கிட்டாக. மண்ணுக்குள்ள போன புள்ளையை மறுபடி வெளிய எடுத்து அறுக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? அழுதுக்கிட்டே ஊருக்குப் போயிட்டாக.

ஹுமாயூன் தம்பி ஒருநாள் இந்த ஜன்னலுக்கு வெளிய வந்து நின்னுச்சு. இதே ஜன்னல்தான். “மாமி, நான் அவளைத் தொட்டு ஒரு அடி கூட அடிச்சதில்ல. ஒரு வார்த்தை சொல்லுங்க மாமி”ன்னுச்சு. நான் ஜன்னலைச் சாத்திட்டேன். இப்ப ஜும்மாவுக்குக் கூடப் பக்கத்து ஊருக்குப் போகுது. இங்க அது பக்கத்துல தோளோட தோள் சேந்து நிக்க ஒருத்தரும் வர்றதில்ல.

அதை விடக் கொடுமை ஒண்ணு சொல்லவா? சுல்தானம்மா அந்த நோன்புல எனக்குப் புதுச் சேலை கொடுத்து அனுப்புனாக. பெருநாளைக்குப் பாக்கப் போனேன். என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, “பல்கீஸு, என் புள்ளையைக் காப்பாத்திட்டே, நீ நல்லா இருக்கணும்”னு தேம்பித் தேம்பி அழுறாக. பெத்தவளே நம்பிட்டாக தங்கச்சி! தன் புள்ளை கொலைகாரன்னு பெத்தவளே நம்பிட்டாக, நான் அவருக்காகத்தான் வாயை மூடிக்கிட்டு இருக்கேன்னு நினைச்சுக்கிட்டாக. அந்தச் சேலையை நான் இன்னும் உடுத்தல. பொட்டியில கெடக்கு.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். தாராளமாக் கொடுங்க. ஹுமாயூன் தம்பிக்கு உங்க மவளைக் கொடுங்க. அது அப்படிப்பட்ட புள்ளை இல்ல.

எப்படித் தெரியும்னா? பாத்தீங்களா, நீங்களும் ஹஜரத்து மாதிரியே கேக்குறீங்க. நான் சொன்னா நம்புங்களேன்.

நம்ப மாட்டீங்க. சரி. உங்க இடத்துல நான் இருந்தாலும் நம்ப மாட்டேன். ஒரு தடவை அடிபட்டு வந்த புள்ளையை வச்சிருக்கீங்க.

கேளுங்க. அந்தக் கழுத்துல வலப்பக்கம் ஒரு அடையாளம், பெருவிரல். இடப்பக்கம் நாலு இருக்கணும். மூணுதான் இருந்துச்சு. மேல, கலிமா விரல், அதான் ஆள்காட்டி விரல் பதிய வேண்டிய எடத்துல ஒண்ணுமே இல்ல. பாலாடை மாதிரி சுத்தமா இருந்துச்சு தோலு. நான் கண்ணை மூடி மூடித் திறந்து பாத்தேன். என் விரலை மெள்ள அது மேல வச்சுப் பாத்தேன், அல்லா என்னைய மன்னிக்கணும். எனக்கு ஒரு விரல் மிச்சம் வந்துச்சு.

ஹுமாயூன் தம்பிக்கு அஞ்சு விரலும் இருக்கு. நல்லாப் பாத்துக்குங்க, பொண்ணு பாக்க வரும்போது.

அப்ப யாருன்னு கேக்காதீங்க. யாருன்னு சொல்ல எனக்கு அனுமதி இல்ல. ...என்ன இப்படிப் பாக்குறீங்க? நான் பேய் இல்ல, பொம்பளைதான்.

அந்த வீட்டுக் கொல்லைக் கதவு தினமும் சுபுஹு நேரத்துல திறக்கும். பால் கொண்டு போறவுகளுக்காக. அவ்வளவுதான் சொல்லுவேன்.

மஹ்மூதா மௌத்தாகுறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னால, செவ்வாக்கெழமை அஸர் தொழுகைக்கு அப்புறம் இங்க வந்துச்சு. இப்ப நீங்க உக்காந்திருக்கிற கட்டில்ல அதே எடத்துல உக்காந்துச்சு. முகமெல்லாம் செவந்து போய் இருந்துச்சு. “மாமி, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உங்க மருமவன் பால் கொடுக்க வரும்போது...”ன்னு ஆரம்பிச்சுச்சு. நான் முடிக்க விடல. வாயைப் பொத்துனேன். நிசமாவே, இந்தக் கையால அது வாயைப் பொத்துனேன். “மானமுள்ள வீட்டுப் பொண்ணு இதையெல்லாம் வாயால சொல்லலாமா? நீ முக்காட்டைச் சரியாப் போட்டியா? பால் செம்பை நீயா வாங்குனே? வெளிய தெரிஞ்சா உனக்குத்தான் அசிங்கம். மூடி வை”ன்னேன். அப்ப ஷம்சாத்துக்கு மூத்தது அஞ்சு மாசம் வயித்துல. அடுப்படியில பாட்டுப் பாடிக்கிட்டு மாவு இடிக்கிறா. நான் என்ன செய்வேன், சொல்லுங்க?

அந்தப் பொண்ணு எந்திரிச்சுச்சு. “நீங்க கேக்கலைன்னா வெள்ளிக்கெழமை ஜும்மா முடிஞ்சதும் ஜமாஅத்துல சொல்லிருவேன் மாமி. எனக்குப் பயமா இருக்கு”ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு.

நான் நல்லதுக்குத்தான் செஞ்சேன். சாயந்தரம் மருமவன் வந்ததும் திரைக்கு இங்கிட்டு நின்னு சொன்னேன். “தம்பி, அந்த வீட்டுப் பொண்ணு வெள்ளிக்கெழமை ஜமாஅத்துல சொல்லப் போகுதாம். இனி அந்தப் பக்கம் போகாதீங்க. அல்லாவுக்குப் பயந்துக்குங்க.” கண்டிச்சேன். மாமியா எந்த அளவுக்குக் கண்டிக்கணுமோ அந்த அளவுக்குக் கண்டிச்சேன். அவுக “சரி மாமி”ன்னாக.

வியாழக்கெழமை அவ மௌத்தாயிட்டா. வெள்ளிக்கெழமை வரவே இல்ல.

நான் சொல்லாம இருந்திருந்தா? தினமும் தொழுகையில உக்காந்து இதைத்தான் கேக்குறேன். வெள்ளிக்கெழமைங்குற ஒரு சொல்லை நான் அவுக காதுல போடாம இருந்திருந்தா, அந்தப் புள்ளை இன்னிக்கு இருந்திருக்கும். உசிரோட இருக்கும்போது வாயைப் பொத்துனேன், செத்ததுக்கு அப்புறம் கழுத்தை மூடுனேன். எல்லாம் இந்தக் கைதான். நாலு வருசமா இந்தக் கையால யாரையும் குளிப்பாட்டல. முட்டுவலின்னு சொல்லி வச்சிருக்கேன். முட்டு நல்லாத்தான் இருக்கு.

அன்னிக்கு சந்தூக்குக்குத் தோள் கொடுத்துட்டு வந்த மருமவன், வந்ததும் வராததுமா, “மாமி, குளிப்பாட்டு நல்லபடியா முடிஞ்சுதா?”ன்னு கேட்டாக. அந்தக் கேள்வியை அதுக்கு முன்னால ஒரு நாளும் கேட்டதில்ல. “முடிஞ்சுது”ன்னேன். அன்னிலேருந்து ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிக்கிட்டதே இல்ல. ரொம்ப மரியாதையா இருக்காக. மாத்திரை, மருந்து, எல்லாம் நேரத்துக்கு வாங்கித் தாறாக. கையில வாங்க மாட்டேன். “கீழ வைங்க தம்பி”ன்னு சொல்லிருவேன். அவுகளும் கீழ வச்சிட்டுப் போயிருவாக.

ஷம்சாத்து நிக்காஹ்வுக்கு முன்னால எல்லாரும் என்னையக் கேலி பண்ணுனாளுக. “ஏண்டி பல்கீஸு, ஐஸ் கம்பெனி மெசினுக்குக் கொடுத்துட்டு வந்தவரையா மாப்பிள்ளையாப் பிடிச்சே, தொழுகையில அத்தஹிய்யாத்து ஓதும்போது எதை நீட்டுவாரு?”ன்னு. “எண்ணம் சுத்தமா இருந்தாப் போதும், விரல் எதுக்கு?”ன்னு வாய்க்கு வாய் பதில் சொன்னேன். அப்ப எனக்கு என்னா வாய்!

நீங்க அழாதீங்க. உங்க மவ நல்ல எடத்துக்குத்தான் போகப் போறா. அதுக்காகத்தான் வாயைத் திறந்தேன். மூணாவதா ஒரு சம்மந்தமும் என்னால முறிஞ்சா, நாளைக்கு அல்லாகிட்ட அந்தத் தம்பி என் முந்தானையைப் பிடிச்சு நிக்கும். நான் போலீஸுக்குப் போக மாட்டேன், ஜமாஅத்துக்குப் போக மாட்டேன், எனக்குத் தெம்பு இல்ல. நீங்க போனா... போங்க. என்னையக் கூப்பிட்டுக் கேட்டா, இந்தத் தடவை மறைக்க மாட்டேன். ஆனா நான் யாரு பேரையும் சொல்லல. கவனிச்சீங்களா? ஒரு பேரு கூட என் வாயிலேருந்து வரல.

சத்தம் போடாதீங்க. முத்தத்துல செருப்புச் சத்தம். டம்ளர் குலுங்குது, ஐஸ் போட்டிருக்கா போல.

திரையைப் பாருங்க தங்கச்சி. இப்ப கை வரும். வலது கைதான் வரும், மரியாதை தெரிஞ்சவுக. நல்லாப் பாத்துக்குங்க.

வந்திருச்சு. பாத்துட்டீங்கள்ல?

கீழ வைங்கன்னு நான் இன்னிக்குச் சொல்லப் போறதில்ல. நீங்களும் வாங்க வேணாம். தட்டை நான் வாங்கிக்கிறேன். நாலு வருசத்துல மொதத் தடவை... கொடுங்க தம்பி.

உள்ளேருந்து என் மவ கேக்குறா, சீனி போதுமான்னு. போதும்னு சொல்லுங்க தங்கச்சி. குரலைச் சரி பண்ணிக்கிட்டுச் சொல்லுங்க. அவ பயந்துக்கக் கூடாது, ஏழு மாசம்.